பணம் கொடுத்துக் குமாஸ்தா ஆனவர்கள்

குமாஸ்தாவுக்கு எஜமானர் சம்பளம் கொடுப்பார் என்பதுதான் நமக்குத் தெரிந்த உலக வழக்கம். குமாஸ்தாவாகச் சேருகிறவன் எஜமானருக்குப் பணம் கட்ட வேண்டும், கட்டிவிட்டு ஐந்து வருஷம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும், போதாததற்கு அந்த ஒப்பந்தப் பத்திரத்துக்காகச் சர்க்காருக்கு நூறு பவுன் முத்திரை வரியும் செலுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் இங்கிலாந்தில் இது வெகு காலம் நடந்தது. பிள்ளையைப் பெற்றவர்கள் சொத்தை விற்றும் கடன் வாங்கியும் அந்தப் பணத்தைக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள் வாசலோடு நின்றார்கள்.

நான் சொல்வது சாலிஸிட்டர் ஆபீஸ்களைப் பற்றி. இங்கிலாந்தில் வக்கீல்கள் இரண்டு வகை. கோர்ட்டில் பொய்முடி தரித்து எழுந்து நின்று வாதாடுகிறவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை முதன்முதலில் பார்த்துப் பேசுவது, உயில் எழுதுவது, கிரயப் பத்திரம் தயாரிப்பது, கம்பெனி தொடங்கிக் கொடுப்பது, வழக்கு என்று வந்தால் பாரிஸ்டரை அமர்த்துவது எல்லாம் சாலிஸிட்டரின் வேலை. அட்டர்னி என்றும் அவரை அந்தக் காலத்தில் சொன்னார்கள். இந்தத் தொழிலுக்குள் போக ஒரே வழிதான் இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துக் குமாஸ்தாவாக இருக்க வேண்டும். ஐந்து வருஷம் இருந்தாக வேண்டும் என்று 1729-ல் செய்த சட்டம் விதித்தது. ஓர் அட்டர்னி ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிற்று.

சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். அரைகுறையாகப் படித்தவர்கள் அட்டர்னி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஜனங்களை ஏமாற்றுகிறார்கள் என்ற புகார் அப்போது பலமாக இருந்தது. குருவின் நிழலில் ஐந்து வருஷம் இருந்து கற்றுக்கொள்ளட்டும் என்று எண்ணினார்கள். நம் நாட்டுக் குருகுலவாசம் போலத்தான். ஒரு வித்தியாசம்: நம் குருமார்கள் வித்தை முடிந்த பிறகு தட்சிணை வாங்கினார்கள். இந்தக் குருமார்கள் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். ஒருவரிடம் இரண்டே இடம் இருக்கும்போது அந்த இடத்துக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்? 1794-ல் சர்க்காரும் தன் பங்குக்கு நூறு பவுன் முத்திரை வரியைப் போட்டது.

இனி இரண்டு பையன்களைப் பாருங்கள்.

1821-ஆம் வருஷம் நவம்பர் மாதம், லண்டன் நகரத்தின் வியாபாரப் பகுதியில் செழிப்பாக நடந்து கொண்டிருந்த ஒரு சாலிஸிட்டர் ஆபீஸில் பதினாறு வயசுப் பையன் ஒருவன் சேர்ந்தான். தகப்பனார் புத்தகம் எழுதுகிறவர், வசதியுள்ளவர். நானூறு கினி கட்டிச் சேர்த்தார். பையனின் பெயர் பெஞ்சமின் டிஸ்ரேலி. அவன் சட்டத் தொழிலில் நிலைக்கவில்லை. நாவல் எழுதினான், அரசியலுக்குப் போனான், பிற்காலத்தில் பிரதம மந்திரியானான்.

1827-ஆம் வருஷம் மே மாதம், கிரேஸ் இன் பகுதியில் எல்லிஸ், பிளாக்மோர் என்ற இருவர் நடத்திய ஆபீஸில் பதினைந்து வயசுப் பையன் ஒருவன் சேர்ந்தான். இவனுடைய தகப்பனார் கடனுக்காகச் சிறையிலிருந்து வந்தவர். இவன் ஒரு காசும் கட்டவில்லை. காகிதம் சுமந்தான், நகல் எழுதினான், சில்லறைச் செலவுக் கணக்கு வைத்தான். முடிவில் வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் சம்பளம் பெற்றான். பெயர் சார்லஸ் டிக்கன்ஸ்.

நானூறு கினி என்பது நானூற்றிருபது பவுன். வாரம் பதினைந்து ஷில்லிங் என்றால் வருஷத்துக்கு முப்பத்தொன்பது பவுன். ஒருவன் உள்ளே போகக் கொடுத்த தொகை, மற்றவனுடைய பத்து வருஷச் சம்பளத்துக்கு மேல்! அதைவிடக் கொடுமை வேறொன்று. டிக்கன்ஸ் அங்கே நாற்பது வருஷம் உழைத்திருந்தாலும், ஒப்பந்தம் எழுதாமல் சாலிஸிட்டராகியிருக்க முடியாது. ஒரே அறையில், ஒரே மை புட்டியில் பேனாவைத் தொட்டு எழுதும் இருவரில் ஒருவன் வருங்கால முதலாளி. மற்றவன் என்றென்றைக்கும் குமாஸ்தா. டிக்கன்ஸ் ஒன்றரை வருஷத்தில் வெளியேறினார். ஆனால் பார்த்ததை மறக்கவில்லை. அவருடைய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் வக்கீல் குமாஸ்தாக்களை ரகம் ரகமாகப் பிரித்துக் காட்டும் ஓர் இடம் வருகிறது. பணம் கட்டிச் சேர்ந்தவன் அதில் முதல் ரகம். சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவர் வாங்கிய சம்பளம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலிலும் இந்த விவகாரம் வருகிறது. டேவிட் சேருவது மதச் சம்பந்தமான கோர்ட்டுகளில் வேலை செய்யும் ஆபீஸ், முறை ஒன்றேதான். அத்தை ஆயிரம் பவுன் கட்டுகிறாள். பிறகு அத்தையின் செல்வம் போய்விடுகிறது. கட்டியதில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்குமா என்று டேவிட் போய்க் கேட்கிறான். முதலாளி ஸ்பென்லோ உருகிப் போகிறார். தமக்கு ஆட்சேபமே இல்லையாம்; பங்காளி ஜார்க்கின்ஸ்தான் இரும்பு மனிதராம். அந்த ஜார்க்கின்ஸைத் தேடிப் போனால், அவர் பாவம், ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் சாது. அவர் மறுபடி ஸ்பென்லோவைக் கைகாட்டுகிறார். 'நான் கொடுத்துவிடுவேன், அவர்தான் ஒப்பமாட்டார்' என்று சொல்லும் ஆபீஸ் எந்த ஊரில் இல்லை? வேலைக்கு மனுப் போட்டவர்கள் எல்லோரும் தம் வாழ்க்கையில் ஒரு ஜார்க்கின்ஸையாவது சந்தித்திருப்பார்கள்.

காலம் போகப் போகப் பணத்தோடு வேறு சுங்கங்களும் சேர்ந்தன. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் பட்டதாரிகளுக்கு ஐந்து வருஷத்தை மூன்றாகக் குறைத்து 1821-ல் சட்டம் செய்தார்கள். 1825-ல் தோன்றிய லா சொஸைட்டி 1836 முதல் பரீட்சை வைத்தது. அதற்கு முன் நீதிபதிகள் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அது பெரும்பாலும் பெயருக்குத்தான். பரீட்சை வந்தது பெரிய முன்னேற்றம். பணமுள்ள மக்கைத் தடுத்து நிறுத்த அது உதவியது. ஆனால் பணமில்லாத புத்திசாலியை உள்ளே விட அது உதவவில்லை. முதலில் ஒப்பந்தம் இருந்தால்தானே பரீட்சை?

பிரிட்டிஷ் ராஜ்யம் போன இடமெல்லாம் இந்த ஏற்பாடும் கப்பலேறிப் போயிற்று. சென்னை, பம்பாய், கல்கத்தா ஹைகோர்ட்டுகளில் அட்டர்னிகள் இருந்தார்கள். இந்தியாவில் அட்டர்னி என்ற தனிப் பிரிவை 1976-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் முடித்து வைத்தது. தென் ஆப்பிரிக்காவுக்கும் அது போயிற்று. அங்கே ஜோகன்னஸ்பர்க் நகரில் 1903 முதல் ஓர் இந்திய அட்டர்னி ஆபீஸ் வைத்திருந்தார். அவர் காந்திஜி.

அவர் மனுப் போட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பி, பம்பாயில் வழக்குக் கிடைக்காமல் திண்டாடிய நாட்களில், பிரபலமான ஒரு ஹைஸ்கூலில் தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் சொல்லித்தர ஆசிரியர் தேவை, சம்பளம் எழுபத்தைந்து ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து அவர் விண்ணப்பித்தார். நேரில் வரச் சொன்னார்கள். போனார். பி.ஏ. பட்டம் இல்லை என்று தெரிந்ததும் திருப்பியனுப்பிவிட்டார்கள். லண்டன் பாரிஸ்டர் என்பது அங்கே செல்லவில்லை!

அந்த மனிதர் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பிறர் வந்து தட்டும் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தார். யாரைச் சேர்த்துக்கொண்டார் தெரியுமா? ஹென்றி போலக் என்ற இளம் பத்திரிகைக்காரரை. இருவரும் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மரக்கறி உணவு விடுதியில் பழக்கமானவர்கள். 1904-ல் இந்தியர் குடியிருப்பில் பிளேக் பரவியபோது காந்திஜி பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுப் போலக் தாமாக வந்து அறிமுகம் செய்துகொண்டார். சில காலத்தில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டுக் காந்திஜியிடம் ஒப்பந்தக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், 1908-ல் அட்டர்னியானார். காந்திஜி பார்த்தது பணப் பையை அல்ல, ஆளை.

அதே ஆபீஸில் இன்னொருவர் இருந்தார். ஸோன்யா ஷ்லேஸின் என்ற பெண். காலன்பாக் சிபாரிசு செய்து அனுப்பியவர். பதினேழு வயசில் சுருக்கெழுத்துக்காரியாக வந்தார். மாதம் பத்துப் பவுனுக்கு மேல் வாங்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். தலைவர்கள் எல்லோரும் சிறைக்குப் போன சமயங்களில் சத்தியாக்கிரகத்தின் கடிதப் போக்குவரத்து, கணக்கு, பத்திரிகை அத்தனையையும் அந்தப் பெண் தாங்கினார். அவரை ஒப்பந்தக் குமாஸ்தாவாகப் பதிவு செய்யக் காந்திஜி 1909-ல் விண்ணப்பித்தார். டிரான்ஸ்வால் லா சொஸைட்டி மறுத்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கேயும் தோல்வி. பணம் குறுக்கே நிற்கவில்லை. எஜமானரின் சம்மதம் இருந்தது. வேலைத் திறமை ஊரறிந்தது. பெண் என்பது ஒன்றே காரணம். தென் ஆப்பிரிக்காவில் பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்தது 1923-ல்தான். ஸோன்யா ஷ்லேஸின் பிற்காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தார்.

இங்கிலாந்து மட்டும் மேலா? 1913-ல் க்வினெத் பெப் என்ற பெண்ணும் வேறு மூவரும் லா சொஸைட்டியின் பரீட்சை எழுத அனுமதி கேட்டார்கள். பெப் ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்து முதல் வகுப்பில் தேறியவர். மறுத்தார்கள். சட்டத்தில் 'நபர்' என்றுதானே இருக்கிறது, நான் நபர் இல்லையா என்று அவர் வழக்காடினார். இதுவரை எந்தப் பெண்ணும் அட்டர்னியாக இருந்ததில்லை, ஆகையால் அந்தச் சொல் பெண்ணைக் குறிக்காது என்று தீர்ப்பாயிற்று. இதுவரை யாரும் வந்ததில்லை, ஆகையால் இனியும் வரக் கூடாது! 1919-ல் பார்லிமெண்ட் அந்தத் தடையை நீக்கிற்று. 1922 டிசம்பரில் காரி மாரிஸன் முதல் பெண் சாலிஸிட்டரானார். அதைப் பார்க்கப் பெப் உயிரோடு இல்லை. அவர் 1921-ல் காலமாகிவிட்டார்.

மறுபடி ஜோகன்னஸ்பர்க். காந்திஜி அந்த நகரை விட்டுப் போய் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1941-ல் கிராமத்திலிருந்து ஓடிவந்த ஒரு கறுப்பு இளைஞருக்குச் சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசை. நிலம் வீடு தரகு செய்துகொண்டிருந்த வால்ட்டர் ஸிஸுலு என்பவர் அவரைத் தமக்குப் பழக்கமான ஒரு வெள்ளைக்கார ஆபீஸுக்கு அழைத்துப் போனார். அந்த ஆபீஸின் பங்காளிகளில் ஒருவர் லாஸர் ஸிடெல்ஸ்கி. வழக்கமாகக் கட்ட வேண்டிய பணத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டார். ஐம்பது பவுன் கடன் கொடுத்தார். தமது பழைய கோட்டுச் சூட்டையும் கொடுத்தார். அந்த இளைஞர்தான் நெல்ஸன் மண்டேலா.

நல்ல ஆபீஸ்தான். ஆனாலும் முதல் நாளே வெள்ளைக்காரக் காரியதரிசி ஒரு சமாசாரம் சொன்னாள். அவருக்கும் இன்னொரு கறுப்பு ஊழியருக்கும் என்று இரண்டு புதுக் கோப்பை வாங்கியிருக்கிறதாம். அந்த மற்ற ஊழியர் வேண்டுமென்றே பழைய கோப்பை ஒன்றை எடுத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டார். மண்டேலாவுக்குத் தர்மசங்கடம். தாகமில்லை என்று சொல்லித் தப்பினார். நம் ஊர்க் காப்பி கிளப்புகளில் தனித் தம்ளர் வைத்திருந்த வரலாறு தெரிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கதவு திறந்துவிட்டது என்பதால் உள்ளே எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்தக் கதைகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? டிஸ்ரேலிக்குத் தகப்பனார் இருந்தார். போலக்குக்கு மரக்கறி விடுதியில் ஏற்பட்ட நட்பு இருந்தது. மண்டேலாவுக்கு ஸிஸுலு இருந்தார். யாராவது ஒருவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியிருந்தது. கையைப் பிடிக்க ஆளில்லாதவன் என்ன செய்வான்?

அவனுக்கு விடை வந்தது நியாய உணர்ச்சியால் அல்ல, வியாபாரத்தால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தது, கூட்டுப் பங்குக் கம்பெனிகள் வந்தன, பங்குதாரர் போட்ட பணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்ற சட்டம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கட்டுக் கட்டாகப் பத்திரம் எழுத வேண்டும். 1743 முதல் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு வேலை செய்து வந்த ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ், 1838-ல் தொடங்கிய லிங்க்லேட்டர்ஸ், 1889-ல் தொடங்கிய ஸ்லாட்டர் அண்டு மே போன்ற ஆபீஸ்கள் கம்பெனிகளுக்கும் பாங்குகளுக்கும் பத்திரம் எழுதியே வளர்ந்தன. இருந்தும் ஒரு கூட்டில் இருபது பங்காளிகளுக்கு மேல் கூடாது என்று சட்டம் தடுத்து வந்தது. ஆகவே எவ்வளவு பெரிய ஆபீஸும் குடும்பம் போலவே இருந்தது. ஆள் எடுப்பதும் குடும்ப விவகாரம் போலத்தான்: தெரிந்தவர் மகன், பழைய கட்சிக்காரரின் மருமகன். 1967-ல் அந்த வரம்பை நீக்கினார்கள். ஆபீஸ்கள் மளமளவென்று பெருத்தன. வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் போதும் என்றிருந்த இடத்தில் ஐம்பது, நூறு பேர் வேண்டியிருந்தது. அத்தனை பேரை மாமனும் மைத்துனனும் எங்கிருந்து கொண்டுவருவார்கள்? அச்சடித்த மனுக் காகிதம் பிறந்தது. கட்டு பணமோ இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மெல்ல மெல்லத் தானாகவே மறைந்துவிட்டது. பயிற்சிக் குமாஸ்தாவுக்குச் சம்பளம் தரத் தொடங்கினார்கள்.

இன்று தலைகீழ். லண்டனின் பெரிய வர்த்தகச் சட்ட ஆபீஸ்கள் பயிற்சிக்கு எடுக்கும் இளைஞருக்குப் பரீட்சைக் கட்டணத்தைத் தாங்களே கட்டி, முதல் வருஷமே ஐம்பதாயிரம் பவுனுக்கு மேல் சம்பளமும் தருகின்றன. பயிற்சி இரண்டு வருஷம்; ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவாக நான்கு பிரிவுகளில் உட்கார வைக்கிறார்கள். பெரும்பாலும் சேருவதற்கு இரண்டு வருஷம் முன்பே மனுப் போட வேண்டும். ஓர் இடத்துக்குப் பல மனுக்கள் வந்து குவிகின்றன. நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெண்களும்கூட எழுதுகிறார்கள். எங்கள் ஆபீஸை ஏன் தேர்ந்தெடுத்தாய், வர்த்தகச் சட்டம் ஏன், உன் அநுபவம் என்ன என்று கேள்விகள். அவற்றை நிரப்பும்போது அலுப்பும் பயமும் வருகின்றன என்கிறார்கள். வராமல் இருக்குமா?

பழைய கதையைப் படித்தவன் என்ற உரிமையில் அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எழுதி முடித்ததும் அந்த ஆபீஸின் பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஆபீஸின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மனு பொருத்தமாகவே இருந்தால் கிழித்துப் போடுங்கள். ஓர் ஆபீஸ் பாங்குகளுக்கு வேலை செய்கிறது, ஒன்று கப்பல்களுக்கு, ஒன்று கம்பெனிகளை இணைக்கிறது. போலக் காந்திஜியின் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் காந்திஜியிடம் போனார். நீங்களும் அந்த ஆபீஸ் செய்த ஒரு காரியத்தையாவது படித்துவிட்டுப் போங்கள்.

அநுபவம் என்று கேட்டால் பெரிய மனிதர் ஆபீஸில் பத்து நாள் எட்டிப் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதிய பெண்ணுக்கு ரொக்கம், கடன், வட்டி, வராத பாக்கி என்றால் என்ன என்று தெரியும். வர்த்தகச் சட்டமே அந்த நாலு சொல்லுக்குள் அடக்கம். அதை வெட்கப்படாமல், விவரமாக எழுதலாம். என்ன செய்தாய், அதனால் என்ன மாறிற்று என்ற இரண்டும் இருக்க வேண்டும்.

பெயர், தேதி, எழுத்து இவற்றில் பிழை கூடாது. சாலிஸிட்டர் விற்பது பிழையில்லாத காகிதம். தன் மனுவையே இரண்டாம் முறை படிக்காதவனிடம் பாங்கின் பத்திரத்தை யார் ஒப்படைப்பார்கள்?

சிபாரிசு கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், மண்டேலா ஏற்றுக்கொண்டார். கிடைக்காவிட்டால் ஒடிந்து போக வேண்டாம். சில ஆபீஸ்களில் நேரில் கேள்வி கேட்பவருக்கு நீங்கள் படித்த கல்லூரியின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. 2021 செப்டம்பர் முதல் புதுப் பரீட்சை முறையும் வந்திருக்கிறது. இரண்டு வருஷ வேலை அநுபவத்தை நான்கு இடங்கள் வரை சேர்த்துக் காட்டலாம். பெரிய ஆபீஸின் வாசல் ஒன்றுதான் வழி என்ற நிலை தளர்ந்திருக்கிறது.

இல்லை என்று பதில் வந்தால் அதை உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கும் ஜார்க்கின்ஸ் இருக்கிறார். சில இடங்களில் அவர் கம்ப்யூட்டராக உட்கார்ந்து முதல் சலிப்பைச் செய்கிறார். காந்திஜிக்கே எழுபத்தைந்து ரூபாய் வேலை இல்லை என்று சொன்ன உலகம் இது.

மனுக் காகிதத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல பள்ளிக்கூடம், நல்ல இங்கிலீஷ், ஓய்வான வீடு இவை உள்ளவர்களுக்கு அது இன்னமும் சாதகந்தான். பணச் சுங்கம் போனாலும் பழக்கச் சுங்கம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் ஸோன்யா ஷ்லேஸினுக்கு இந்தக் காகிதம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். உன் தகப்பனார் யார், எவ்வளவு கட்டுவாய், நீ ஆணா பெண்ணா என்று கேட்காமல், நீ என்ன செய்தாய் சொல் என்று கேட்கிற காகிதம்! அவரிடம் எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தது.